ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கும் அமெரிக்கர்கள்: பவுடரையும் புல்லட்டையும் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நமக்கு ஏன் தெரிய வேண்டும்?

டெக்சாஸிலோ அரிசோனாவிலோ வேலை பார்க்கும் நண்பர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில், 'வீக்எண்ட் எப்படிப் போச்சு?' என்று சக ஊழியரைக் கேட்டால், 'கராஜில் உட்கார்ந்து நூறு ரவுண்டு லோட் பண்ணினேன்' என்று பதில் வரக்கூடும். நம்ம ஊரில் தோட்டத்துக்கு மண் கலந்ததைச் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

துப்பாக்கிக்கான தோட்டாவை ஒருவர் தன் வீட்டு மேஜையில் தானே தயாரித்துக்கொள்வதற்குப் பெயர் ஹேண்ட்லோடிங். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டையே மறுபடி பயன்படுத்தினால் ரீலோடிங் என்பார்கள். பேச்சில் இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவில் இதற்கென்றே கருவிகளும், கையேடுகளும், பவுடர் விற்கும் கடைகளும் இருக்கின்றன. சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்பது தொழிலானால்தான் உரிமம்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். அந்தச் சட்ட விஷயத்துக்குக் கடைசியில் வருவோம். விசாவில் அமெரிக்கா போகிறவர்களுக்கும் அங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை இருக்கிறது. அதற்கு முன், இந்தக் கலையின் மையமான கேள்வி: எந்தப் பவுடர், எந்தப் புல்லட்?

முதலில், புல்லட் வேறு, தோட்டா வேறு

பேச்சில் எல்லாவற்றையும் 'புல்லட்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதாவது கேஸ். அதன் அடியில் பொட்டு மாதிரி இருக்கும் பிரைமர். துப்பாக்கியின் ஊசி இதைத்தான் தட்டுகிறது. உள்ளே பவுடர். மேலே மூடிபோல் செருகியிருக்கும் உலோகத் துண்டுதான் புல்லட். பறந்து போவது அது மட்டும்தான்.

இந்த நான்கில் விலை கூடியது பெரும்பாலும் பித்தளைக் கூடு. சுடும்போது அது லேசாக விரிந்து, துப்பாக்கியின் சேம்பர் சுவரில் ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் தடுக்கிறது. பிறகு சுருங்கி வெளியே வந்துவிடுகிறது. அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர், பவுடர், புல்லட் சேர்த்தால் மறுபடியும் தோட்டா. ஒரு கூட்டைப் பல முறை பயன்படுத்தலாம்.

காசு மிச்சம் என்றுதான் பலர் ஆரம்பிக்கிறார்கள். லட்சக்கணக்கில் உற்பத்தியாகும் மலிவான ரகங்களில் மிச்சம் சொற்பம். பெரிய, பழைய, அபூர்வமான ரகங்களில்தான் நிஜமான லாபம். ஆனால் இதில் ஊறிப்போனவர்கள் சொல்லும் காரணம் வேறு: 'என் துப்பாக்கிக்கு எது பிடிக்குதோ அதை நானே செஞ்சு தர முடியுது.' தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும். கையால் செய்தது ஒரே ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தினால் போதும்.

கிரெய்ன் கணக்கு

இந்த உலகில் எடை கிராமில் இல்லை, கிரெய்னில். 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 64.8 மில்லிகிராம். நகைக் கணக்கில் சொன்னால் எளிது: நம்ம ஒரு பவுன், அதாவது 8 கிராம், கிட்டத்தட்ட 123 கிரெய்ன்.

அமெரிக்காவில் மிகப் பரவலான வேட்டை, போட்டி ரகங்களில் ஒன்று .308 வின்செஸ்டர். 1952ல் வந்தது. அதில் போகும் பவுடர் நாற்பது சொச்சம் கிரெய்ன். அரைப் பவுன்கூட இல்லை. புல்லட் 168 கிரெய்ன் என்றால் சுமார் 10.9 கிராம், ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் மேல்.

இந்த அரைப் பவுனுக்கும் குறைவான பவுடர் உண்டாக்கும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி, .308 ரகத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 62,000 பிஎஸ்ஐ. உங்கள் கார் டயரில் 32 பிஎஸ்ஐ இருக்கும். ஏறக்குறைய 2,000 மடங்கு. இது நடப்பது சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலம் தள்ளி. கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை எடை போடுகிறார்கள் என்றால் சும்மா இல்லை.

பவுடர்: வெடிப்பது அல்ல, எரிவது

புகையில்லாப் பவுடரை 1884ல் முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் பிரான்சின் பால் வியெய். அடுத்து ஆல்ஃபிரட் நோபல் 1887ல் பாலிஸ்டைட்டைக் கொண்டுவந்தார். 1889ல் பிரிட்டனில் ஏபலும் டூவரும் கார்டைட்டை உருவாக்கினார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பஞ்சு. பஞ்சின் செல்லுலோஸை அமிலத்தில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ். அது மட்டும் இருந்தால் சிங்கிள் பேஸ். நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் டபுள் பேஸ். சக்தி கூடுதல், பொதுவாகச் சூடும் கூடுதல்.

இது வெடிகுண்டு மாதிரி ஒரே கணத்தில் வெடிக்கக் கூடாது. வரிசையாக எரிய வேண்டும். அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சுள்ளியைப் போட்டால் சடசடவென்று எரிந்து முடிந்துவிடும். விறகுக் கட்டை மெதுவாகப் பிடித்து நின்று எரியும். எடை ஒன்றுதான், எரியும் வேகம்தான் வேறு. பவுடரிலும் அப்படித்தான். மணியின் அளவு, வடிவம், நடுவில் துளை இருக்கிறதா, மேலே எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சு எவ்வளவு என்பதையெல்லாம் மாற்றி எரிவேகத்தைத் தீர்மானிக்கிறார்கள். குச்சி வடிவம், உருண்டை வடிவம், செதில் வடிவம் என்று மூன்று குடும்பங்கள். உருண்டை ரகம் அளவியில் தண்ணீர் மாதிரி வழுக்கி விழும். குச்சி ரகம் அளவியில் சிக்கி 'கரக்'கென்று உடையும். ஆனாலும் துல்லியம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குச்சி பக்கம்தான்.

பவுடர் தேர்வின் முதல் விதி இதிலிருந்தே வருகிறது. கைத்துப்பாக்கிக்குக் குழல் குட்டை, கூடு சின்னது, அதனால் சுள்ளி போன்ற வேகப் பவுடர். ரைஃபிளுக்கு நீண்ட குழல், பெரிய கூடு, மெதுவான பவுடர். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய கூட்டுக்கு இன்னும் மெதுவானது. .308 நடுவில்.

இரண்டாவது விதி கொஞ்சம் யோசிக்க வைக்கும். அதே துப்பாக்கியில் கனமான புல்லட்டுக்கு மாறினால், பவுடர் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா? கனமான வண்டியைத் தள்ள அதிக பலம் வேண்டும் என்று தோன்றும். நடப்பது வேறு. கனமான புல்லட் நகரத் தாமதிக்கிறது. அது நகர்ந்து இடம் விடுவதற்குள் பின்னால் அழுத்தம் ஏறிவிடுகிறது. அதனால் அதே பவுடர் என்றால் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது மெதுவான பவுடருக்கு மாற வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் மாற்றுகிறவர்தான் ஆபத்தில் மாட்டுகிறார்.

மூன்றாவது, கூடு நிரம்புகிறதா என்பது. தேர்ந்தெடுத்த பவுடர் கூட்டை ஏறக்குறைய நிரப்பினால் இரண்டு நன்மை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பற்றும். வேகம் சீராக வரும். அதைவிடப் பெரிய நன்மை, தவறுதலாக இரண்டு முறை போட்டுவிட்டால் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். பாதிக் கூடுகூட நிரம்பாத வேகப் பவுடரில் இரட்டை அளவு சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். புதிதாகக் கற்கிறவருக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே நிரம்பும் பவுடரைத்தான் சொல்ல வேண்டும்.

'அப்போ குறைச்சுப் போட்டா பாதுகாப்புதானே?' அதுவும் இல்லை. மிக மெதுவான பவுடரைப் பெரிய கூட்டில் ரொம்பக் குறைத்துப் போட்டால், எதிர்பாராத அழுத்த உச்சங்கள் வரலாம் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. உச்ச வரம்பு போலவே கீழ் வரம்பும் உண்டு. ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் ஹெச் 4895 பவுடருக்கு மட்டும், உச்ச அளவின் 60 சதவீதம் என்ற அளவு வரை இறங்கலாம் என்று தனியாக அனுமதி தருகிறது. சிறுவர்கள் பழகுவதற்கான மென்மையான தோட்டா அப்படித்தான் செய்கிறார்கள். அந்தச் சலுகையைப் பக்கத்து டப்பாவுக்கு நீட்டிக்க முடியாது.

ஒரே எண், வேறு பவுடர்

ஹாட்ஜ்டன் கதையே சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்திடம் மலை மலையாக உபரிப் பவுடர் கிடந்தது. புரூஸ் ஹாட்ஜ்டன் அதை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றார். 4895 அப்படி வந்ததுதான். 4831 என்பது 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளுக்கான உபரி. இன்றைய ஹேண்ட்லோடிங் பழக்கம் இவ்வளவு பரவியதற்கு அந்த மலிவுப் பவுடர் ஒரு முக்கியக் காரணம்.

அதில் பிறந்த ஒரு குழப்பம் இன்னும் தீரவில்லை. ஐஎம்ஆர் 4350 என்று ஒரு டப்பா. ஹெச் 4350 என்று இன்னொரு டப்பா. எண் ஒன்று. பவுடர் வேறு, எரிவேகம் வேறு, அளவும் வேறு. 4895, 4831லும் இதே கதை. போதாக்குறைக்கு 2003ல் ஐஎம்ஆர் பிராண்டையே ஹாட்ஜ்டன் வாங்கிவிட்டதால், இரண்டும் இப்போது ஒரே கம்பெனியின் அலமாரியில். நம்ம ஊர் மருந்துக்கடையில் பெயர் ஒத்துப்போகும் இரண்டு மாத்திரைகள் மாறிப்போவதற்குச் சமம் இது. அதனால்தான் அனுபவசாலிகளின் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு பவுடர் டப்பாதான் இருக்கும். அளவியில் மிச்சமானதை அன்றே அதே டப்பாவில் திரும்பக் கொட்டுவார்கள். எந்த டப்பா என்று சந்தேகம் வந்தால் மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள். முந்நூறு நானூறு ரூபாய்ப் பவுடரைப் பார்த்துக் கண்ணை விடத் தயாராக யாரும் இல்லை.

வெயில் என்ற வில்லன்

பவுடர் சூடாக இருந்தால் வேகமாக எரியும். ஜனவரிக் குளிரில் சரியாக இருந்த அளவு, ஜூலை வெயிலில் காரில் கிடந்து சூடான பிறகு வரம்பைத் தாண்டலாம். இதை இங்கிலாந்துக்காரர்கள் கற்றுக்கொண்டது இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான். கார்டைட் வெப்பத்துக்கு ரொம்பவே துள்ளும். அதனால் கைனாக் நிறுவனம் வெப்ப நாடுகளுக்கென்றே கார்டைட்டைக் குறைத்துப் போட்ட 'டிராப்பிக்கல்' தோட்டாக்களை விற்றது.

இப்போது வெப்பத்துக்கு அதிகம் அசையாத பவுடர்கள் வந்துவிட்டன. போட்டியாளர்கள் விரும்பும் ஹெச் 4350, வார்கெட் போன்றவை அந்த ரகம். ஹாட்ஜ்டன் பெயரில் விற்றாலும் அவை தயாராவது ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில்.

நமக்கும் ஒரு ஆலை உண்டு. ஊட்டி ரயிலில் குன்னூர் தாண்டியதும் அருவங்காடு ஸ்டேஷன் வருமே, அங்கே இருக்கும் கார்டைட் தொழிற்சாலை 1903ல் தொடங்கியது. அந்தக் குளிர்ந்த மலையில் இன்றும் படைகளுக்கான எரிமருந்து தயாராகிறது. 2021 அக்டோபரில் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு கலைக்கப்பட்ட பிறகு, அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது.

புல்லட்: எதற்காகச் சுடுகிறோம்?

பவுடர் தேர்வு அழுத்தத்தைப் பற்றியது என்றால், புல்லட் தேர்வு நோக்கத்தைப் பற்றியது. காகித இலக்கா, வேட்டையா, எவ்வளவு தூரம்?

போட்டிக்கு உதாரணமாக சியரா நிறுவனத்தின் 168 கிரெய்ன் மேட்ச்கிங்கைச் சொல்லலாம். 300 மீட்டர் போட்டிக்காக வடிவமைத்தது. அந்தத் தூரத்தில் அற்புதம். அதையே 1,000 கஜத்துக்குக் கொண்டுபோனால் தகராறு. அங்கே போய்ச் சேர்வதற்குள் அதன் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கிக் குறைகிறது. அந்தக் கட்டத்தில் புல்லட் தள்ளாடத் தொடங்குகிறது. ஏழே கிரெய்ன் கூடுதலான, பின்பக்கச் சரிவு மாற்றப்பட்ட 175 கிரெய்ன் ரகம் அந்த இடத்தைச் சமாளிக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் நெடுந்தூரத் தோட்டா எம் 118 எல்ஆர் அந்த 175ஐத்தான் பயன்படுத்துகிறது. அரை கிராம்கூட இல்லாத வித்தியாசம்.

காற்றைக் கிழித்துப் போகும் திறனுக்கு பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்று ஒரு எண் உண்டு. டப்பாவில் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். எண் கூடுதலாக இருந்தால் வேகம் மெதுவாகக் குறையும், காற்று குறைவாகத் தள்ளும். மொபைல் வாங்கும்போது மெகாபிக்சலைப் பார்ப்பதுபோல இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் அங்கேயும் ஏராளம். நீண்ட, ஒல்லியான புல்லட்டுக்கு எண் அதிகம். ஆனால் நீளமானதை நிலையாக வைத்திருக்கக் குழலின் உள்ளே இருக்கும் மரை அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். பம்பரம் மாதிரிதான், சுழற்சி போதாவிட்டால் தலை ஆடும்.

எம் 16 துப்பாக்கியின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மரை வெட்டினார்கள். கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் துல்லியம் கெட்டதால் 12 அங்குலமாக்கினார்கள். 55 கிரெய்ன் புல்லட்டுக்கு அது போதும். பிறகு 62 கிரெய்ன் புல்லட்டும், அதோடு சேர்ந்த நீளமான ஒளிரும் குண்டும் வந்தபோது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாற்ற வேண்டி வந்தது. ஆக, கடையில் புல்லட் வாங்கும் முன் உங்கள் குழலின் மரைக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வாங்கினால், இலக்குத் தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் பக்கவாட்டில் மோதிய சாவித்துவாரம் போன்ற ஓட்டை விழும்.

வேட்டைக்கு வேறு கணக்கு. விலங்கைத் துன்புறுத்தாமல் உடனே வீழ்த்த வேண்டும். அதற்குப் புல்லட் உள்ளே போய் விரிய வேண்டும், ஆனால் சிதறிவிடக் கூடாது. 1946ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட்ட ஜான் நாஸ்லரின் புல்லட்டுகள் ஆழமாக இறங்காமல் ஏமாற்றின. கடுப்பில் அவர் நடுவில் தடுப்பு வைத்த புல்லட்டைத் தானே செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே ஊடுருவும். 1948ல் கம்பெனி பிறந்தது. பார்ட்டிஷன் என்ற அந்த ரகம் இன்றும் விற்கிறது.

விரியும் புல்லட் என்றதும் நம் நாட்டுப் பெயர் ஒன்று வந்தே ஆக வேண்டும். கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம் டம். அங்கிருந்த ஆயுதச் சாலையில் 1890களில் கேப்டன் நெவில் பெர்ட்டி கிளே .303 தோட்டாவுக்கு முனையில் ஈயம் தெரியும் புல்லட்டைச் செய்தார். அது உடலுக்குள் விரிந்து கோரக் காயம் உண்டாக்கியது. 1899 ஹேக் பிரகடனம் போரில் விரியும் புல்லட்டுகளைத் தடை செய்தது. வேடிக்கை என்னவென்றால், போரில் தடைசெய்யப்பட்ட அதே தன்மையைத்தான் பல நாடுகளின் வேட்டைச் சட்டங்கள் விலங்குக்குக் கட்டாயம் என்கின்றன. மனிதனுக்குக் கொடூரம், மானுக்குக் கருணை.

சமீப காலத்தில் விவாதம் ஈயத்தைப் பற்றி. வேட்டையாடியவர் விட்டுச்செல்லும் குடலைத் தின்னும் கழுகுகள், அதிலுள்ள ஈயத் துணுக்குகளால் விஷமேறிச் சாகின்றன. கலிஃபோர்னியாவின் அரிய காண்டோர் கழுகைக் காப்பாற்ற, அந்த மாநிலம் 2013ல் சட்டம் போட்டு, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுவதுமாக நிறுத்தியது. அதனால் முழுத் தாமிரப் புல்லட்டுக்கு மவுசு. இங்கே ஹேண்ட்லோடருக்கு ஒரு பொறி இருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி 11.3, தாமிரத்துக்கு 8.9. அதே எடையில் தாமிரப் புல்லட் நீளமாக இருக்கும். கூட்டுக்குள் கூடுதல் இடம் பிடிக்கும், குழலில் வேறு மாதிரி உரசும், மரையும் வேகமாக வேண்டியிருக்கலாம். '165க்கு 165 தானே' என்று பழைய பவுடர் அளவையே போட முடியாது.

இரண்டையும் சேர்ப்பது எப்படி?

பவுடரும் புல்லட்டும் தனித்தனித் தேர்வு அல்ல என்பது இதற்குள் புரிந்திருக்கும். வழக்கமான வரிசை இதுதான்: முதலில் நோக்கம், அதற்கேற்ற புல்லட், அது குழலின் மரைக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்த்தல், பிறகு அந்தப் புல்லட் தயாரிப்பாளரின் கையேட்டில் அதற்குச் சோதித்த பவுடர்களில் ஒன்று. பவுடரை முதலில் வாங்கிவிட்டு அதற்குப் புல்லட் தேடுவது, செருப்புக்கேற்ப காலை வெட்டுகிற கதை.

கையேட்டில் ஆரம்ப அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். ஆரம்ப அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறுவார்கள். ஒவ்வொரு படியிலும் வேகமானியில் வேகம் பார்ப்பார்கள். பிரைமர் தட்டையாகிவிட்டதா, போல்ட் திறக்க மல்லுக்கட்டுகிறதா, கூட்டின் அடியில் பளபளத் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலே நிறுத்தம். தெரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்றும் அர்த்தமில்லை; சில நேரம் அழுத்தம் வரம்பைத் தாண்டிய பிறகுதான் அறிகுறி வரும். 'கம்பெனி வக்கீல்களுக்குப் பயந்து குறைச்சு எழுதியிருக்காங்க' என்று சொல்லி உச்ச அளவைத் தாண்டும் ஆட்கள் ஒவ்வொரு ரேஞ்சிலும் உண்டு. அவர்களுக்கு அடுத்த மேஜையில் உட்காராமல் இருப்பது நல்லது. நண்பர் சொன்ன அளவு, வீடியோவில் பார்த்த அளவு, சாட்பாட் சொன்ன அளவு எதுவும் கையேட்டுக்கு ஈடாகாது.

டேட்டா வேலை பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு சிரிப்பு காத்திருக்கிறது. ஒவ்வொரு அளவிலும் மூன்றே தோட்டா சுட்டு, மூன்று ஓட்டையும் நெருக்கமாக விழுந்த அளவை 'இதுதான் என் துப்பாக்கிக்குப் பிடிச்சது' என்று முடிவுகட்டும் பழக்கம் ரொம்பக் காலமாக இருக்கிறது. மாதிரி அளவு மூன்று! அதே அளவை மறுநாள் சுட்டால் முடிவு மாறும். இப்போதுதான் பலர் பத்து, இருபது சுட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால், பல வருடங்களாகப் பெருமையாகச் சொன்ன 'ரகசிய அளவு'கள் பக்கத்து அளவுகளோடு கலந்து காணாமல் போகின்றன. நல்ல குழலும் நல்ல புல்லட்டும் தரும் பலனில் பாதிகூட, பவுடரை 0.1 கிரெய்ன் நகர்த்துவது தருவதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

விரும்பிய பவுடர் கிடைப்பதும் இப்போது சுலபமில்லை. நைட்ரோசெல்லுலோஸுக்குத் தேவையான பஞ்சு லின்டர், அதாவது பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழை, பெருமளவு சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிறது. உக்ரைன் போருக்குப் பிறகு பீரங்கிக் குண்டுகளுக்கே எரிமருந்து போதவில்லை. 2024 தொடக்கத்தில் உலகளாவிய தட்டுப்பாட்டைச் சொல்லி அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பவுடர் விலையை ஏற்றினார்கள். கிடைத்த பவுடருக்கு ஏற்ப அளவைப் புதிதாகத் தேடும் வேலை பலருக்கு வந்தது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959ன் 5வது பிரிவின்படி, தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். கவனிக்க வேண்டியது 2வது பிரிவில் இருக்கும் விளக்கம்: தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும்கூட 'வெடிபொருள் தோட்டா' என்ற வரையறைக்குள் வருகின்றன. அதாவது, அமெரிக்காவில் மேஜையில் திருகி வைக்கும் அந்தப் பிரஸ்ஸையே சட்டம் தோட்டாவாகப் பார்க்கலாம். இறக்குமதிக்கும் 10வது பிரிவின்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. பவுடருக்கு வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் தனி.

இந்தப் பயம் பிரிட்டிஷ் காலத்தது. 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 ரக வேட்டைத் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. காரணம், அந்தப் புல்லட்டைக் கழற்றி மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் கூட்டில் வைத்து மறுபடி லோட் செய்து கிளர்ச்சியாளர்கள் சுடுவார்கள் என்ற அச்சம். ஒரு ரீலோடிங் பயம், லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளை .465, .470 என்று புது ரகங்களின் பக்கம் தள்ளியது. ராணுவத்தின் .303ஐப் பொதுமக்களுக்குத் தராமல், இந்தியாவில் உரிமம் உள்ளவர்களுக்கு .315 ரகம் விற்பதும் அதே சிந்தனையின் தொடர்ச்சிதான்.

1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டைக்கும் வேலையில்லை. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளோ ஏர் ரைஃபிளும் .22 ரிம்ஃபயரும்தான். அபினவ் பிந்த்ராவின் 2008 தங்கம் ஏர் ரைஃபிளில். ஸ்வப்னில் குசாலேயின் 2024 வெண்கலம் .22ல். இதில் .22 தோட்டாவின் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், சுட்ட பிறகு அதை ரீலோட் செய்வது நடைமுறையில் கிடையாது.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு

'வாங்க, ரேஞ்சுக்குப் போகலாம், என் கையால் செஞ்ச ரவுண்டு தரேன்' என்று சக ஊழியர் அன்பாகக் கூப்பிடலாம். ஹெச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மீறினால் தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். விசாவின் கதி தனி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. போவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாருடைய ஹேண்ட்லோடையும் இன்னொருவர் துப்பாக்கியில் சுடுவது அங்கேயே அனுபவசாலிகள் தவிர்க்கும் விஷயம். ஒரு துப்பாக்கிக்காகச் செய்த அளவு இன்னொன்றில் வரம்பைத் தாண்டலாம். மறுத்தால் நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். விஷயம் தெரிந்தவர் என்று மதிப்பார்.

ஊருக்குத் திரும்பும்போது பையின் எல்லா ஜிப்பையும் திறந்து பாருங்கள். ரேஞ்சுக்கு எடுத்துப்போன அதே முதுகுப்பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா, இந்திய விமான நிலைய ஸ்கேனரில் மாட்டி ஆயுதச் சட்ட வழக்காகும் சம்பவங்கள் அடிக்கடி செய்தியில் வருகின்றன. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1972லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதன் அடிப்படையில் பல வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அது வழக்கு பதிவாகி, பாஸ்போர்ட் பிரச்சினையாகி, லீவு முடிந்த பிறகு கிடைக்கும் நிவாரணம்.